இன்னாசி ஜீப்புக்கு ஒரு பலகை

மூன்றாவது பலகையையும் தட்டியாயிற்று, ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், இப்போது அதுதான் பெரிய பாடாக இருந்தது. தளவாய் தலையை வலது பக்கமாகச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, உதட்டைப் பிதுக்கி, எதையோ நுட்பமாகக் கேட்டு எடைபோடுகிற மனிதர் மாதிரி நின்றார். மாதிரி என்ன மாதிரி, போன வருஷம் வரைக்கும் அந்த மனிதரேதான். காரில் பாட்டு அதிர பேஸ் பெட்டி வைக்க வேண்டுமென்றால் தூத்துக்குடியில் எவனைக் கேட்டாலும் கையை நீட்டி அவர் கடையைத்தான் காட்டுவான், தளவாய் தட்டிப் பார்த்து எடுத்த பலகை முணுமுணுக்காது என்று ஒரு பேர். பிளைவுட் என்றால் சும்மா ஒரே மரமா, மெல்லிசு மெல்லிசாய்ச் சீவிய மரத்தாளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பசை போட்டு அமுக்கியது. அமுக்குகிறபோது உள் அடுக்கில் எங்காவது ஒரு துண்டு சேராமல் விட்டுப்போகும், அங்கே பொந்து விழும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வழவழவென்று சிரிக்கும். அந்தப் பலகையில் பெட்டி செய்து ஊஃபர் ஸ்பீக்கரை மாட்டினால், பாட்டு அடிமட்டத்துக்கு இறங்குகிற இடத்தில் உள்ளேயிருந்து கர்ர்ரென்று ஓர் இரைச்சல் கிளம்பும், அப்புறம் வண்டிக்காரனுக்குப் பாட்டா கேட்கும், அந்தக் கர்ர்ர்தான் கேட்கும். பொந்தைக் கண்டுபிடிக்க மெஷின் ஒன்றும் கடையில் கிடையாது, விரல் முட்டியும் காதும்தான். முட்டிக்கு ஒரு குறையும் இல்லை, தட்டித் தட்டித் தோல் காய்த்துப்போய்த் திடமாக இருக்கிறது. "என்ன அண்ணாச்சி, தியானத்துக்குப் போயிட்டியளா, எனக்குக் கை கடுக்கு," என்றாள் செலின், பலகையின் மறுமுனையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. சுமை ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். புருஷன் செத்த பிறகு பலகை அடுக்கி விற்கிற இந்தக் கிட்டங்கியை அவள்தான் நடத்துகிறாள், அவளுக்கு அவர் வயசுதான் இருக்கும், வாய் மட்டும் நாலு பேர் வாய். "இரும்மா, அவசரப்படாத," என்று சொல்லிவிட்டு அதே பலகையை இன்னொரு தடவை தட்டினார். டொப். அவ்வளவுதான். டொப்பென்று யாரோ பக்கத்து வீட்டில் எதையோ வைத்த மாதிரி.

இடது காதில் கொய்ங்கென்று அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் அது நிற்பதே இல்லை. ஆரம்பத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் என்று நினைத்தார், என்னா இரைச்சல், மனுஷன் தூங்க வேண்டாமா என்று அதைத் திட்டக்கூடச் செய்தார். பிறகு ஒரு சாயங்காலம் காலாற நடக்கலாமென்று கடற்கரைக்குப் போனால் அங்கேயும் டிரான்ஸ்பார்மர் கூடவே வந்தது. மணலில் நின்று இடது காதைப் பொத்தினார், சத்தம் உள்ளே இன்னும் நன்றாகக் கேட்டது. டிரான்ஸ்பார்மர் இல்லை, காதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார், நாளைக்குச் சரியாகிவிடும் என்று. நாளைக்கு நாளைக்கு என்று எத்தனை நாளைக்கு. அப்புறம் கொசு. நம்ம தெருவில் இப்போது கொசுவே இல்லை பார்த்தியா, மருந்து அடிக்கிறவன் ஒழுங்காக அடிக்கிறான் போல என்று ஒருநாள் படுத்துக்கொண்டே சொல்ல, தங்கக்கனி எழுந்து விளக்கைப் போட்டுக் கையையும் கழுத்தையும் காட்டி, "உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள். பெண்டாட்டி கையில் மட்டுமா, அவர் கையிலும் தடிப்பு தடிப்பாகத்தான் இருந்தது. கடித்திருக்கிறது, காதுக்குப் பக்கத்தில் வந்து பாடியும் இருக்கிறது, இவருக்குத்தான் எட்டவில்லை. அன்றைக்கு விளக்கை அணைத்த பிறகு ஒரு கொசுவாவது பாடாதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். கொசுச் சத்தத்துக்கு ஏங்குகிற நிலைமை எந்த எதிரிக்கும் வரக் கூடாது சாமி. என்ன பாவம் செய்தோம், ஒரு பாவமும் செய்யவில்லை, வேலைதான் செய்தோம். பூட்டின காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, இன்னும் வையுங்க அண்ணாச்சி, இன்னும் வையுங்க என்று வெளியே நின்று கட்டைவிரலை ஆட்டுகிறவனுக்காகச் சத்தத்தை ஏற்றி, நெஞ்சுக்கூடு அதிர அதிர... வெளியே நின்றவன் காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

"இது வேண்டாம், அடுத்தத எடு," என்றார். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது. ஆனால் தளவாய் வேண்டாமென்றால் யாரும் ஏனென்று கேட்பதில்லை, அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. செலின் அந்தப் பலகையைத் தள்ளிவிட்டு அடுத்ததை உருவினாள், உருவிக்கொண்டே ஏதோ சொன்னாள், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்ததால் ம்ம்ம்ம் என்றுதான் வந்தது, இவர் "ஆமா ஆமா" என்றார். இது ஒரு வித்தை. கடைசியில் குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் செய்தி, சிரித்தால் கூடச் சிரி, எதுவும் பிடிபடாவிட்டால் ஆமா ஆமா. தொழிலைக் கற்றுக்கொண்டதைவிட இந்த வித்தையைத்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டார். ஆனால் கொழுந்தியாள் வீட்டில் மானக்கேடாகிவிட்டது. யாரோ பக்கத்தில் வந்து மெதுவாக ஒன்று சொன்னான், சொல்கிற வாக்கில் நல்ல செய்திதான் என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்று தோளைத் தட்டினார். அவன் அம்மா செத்த சேதியைச் சொல்லியிருக்கிறான். தங்கக்கனி அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குடிச்சிருக்கியளா என்று வாயை மோந்து பார்த்தாள். ஆமாம் குடித்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார், அது இதைவிடக் கௌரவம் என்று தோன்றியது. சை, என்ன புத்தி இது. காது போனதுகூட இவ்வளவு அலுப்பாக இல்லை, இருக்கிற மாதிரி நடிக்கிறது இருக்கிறதே, ராத்திரி படுத்தால் தாடையெல்லாம் வலிக்கிறது. எதிராளி வாயையே பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. ஒருநாள் முழுக்க யாரும் பேசாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இந்த பிளைவுட் வாசம், நெடி அடிக்கிற பசை வாசம், இது மட்டும் இருந்தால் போதும், மூக்குக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, இந்தப் பலகை அட்டியில் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்கினால்...

நாலாவது பலகை. தட்டினார். டொப். ஓரத்தில் தட்டினார். டொப். பாட்டு டீச்சர் வண்டிக்கு எடுத்த பலகையும் இப்படித்தான் டொப்பென்றது, இவரும் தலையைச் சாய்த்து உதட்டைப் பிதுக்கி, இதைப் போடு என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். பெட்டி மாட்டின மறுநாளே டீச்சர் வந்துவிட்டாள், "அண்ணாச்சி, உள்ள ஏதோ கர்ருங்கு," என்று. வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டைப் போட்டுக் காட்டினாள், இந்தா, இந்தா, இந்த இடத்தில், கேட்டியளா? கேட்டேன் என்றார். கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது, உலகத்தில் எவன் எவனிடமோ சொல்லலாம், பாட்டு டீச்சரிடம் போய்ச் சொல்ல முடியுமா. வண்டி பாடிதான் டீச்சர் அதிருது, பழைய வண்டில்லா என்று சொல்லி நம்பர் பிளேட்டை முறுக்கினார். மறுபடி வந்தாள். கதவு அட்டையைக் கழற்றி உள்ளே பஞ்சு அடைத்தார். மறுபடி வந்தாள். ஸ்டெப்னி டயரை இறக்கி, டிக்கி முழுக்க அதிர்வு தாங்குகிற கறுப்பு ஷீட்டைக் கைக்காசு போட்டு ஒட்டினார். கேட்காத ஒரு சத்தத்தை வண்டி பூராவும் தேடித் திரிந்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி தேடுகிறவன் அவருக்குத் தேவலை. அந்தப் பெண்ணோ பாவம், "பரவாயில்ல அண்ணாச்சி, கொஞ்சம் கம்மியாயிருக்கு," என்று அவருக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை. கடைசியில் பெட்டியைக் கழற்றி, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தானே ரம்பத்தை எடுத்து அறுத்தார். பின்பலகையில் நட்டநடுவில் பொந்து. சுண்டு விரலை விட்டுப் பார்த்தார், நுழைந்தது. விரலை வெளியே எடுக்க மனசில்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முன்னெல்லாம் இந்தப் பொந்து தட்டுவதற்கு முன்னாலேயே, பலகையைத் தரையில் வைக்கிற சத்தத்திலேயே, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கும். அன்றைக்கு அவர் அழவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கண்டுபிடித்த வழிதான் எம்.டி.எஃப். மரத்தூளைப் பசையில் குழைத்து அமுக்கிச் செய்கிற பலகை, உள்ளே அடுக்கும் கிடையாது பொந்தும் கிடையாது, எங்கே அறுத்தாலும் ஒரே சதை. தட்டவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், காதை மூடிக்கொண்டும் எடுக்கலாம். சத்தத்துக்கும் நல்லதுதான், பொய் இல்லை, அதிராது, கனமாக உட்காரும். ஆக டீச்சருக்கு எம்.டி.எஃப், பல் டாக்டருக்கு எம்.டி.எஃப், வருகிறவனுக்கெல்லாம் எம்.டி.எஃப், கேட்டால் இப்போ வெளிநாட்டில் எல்லாம் இதுதான் என்று ஓர் அளப்பு. எல்லாம் சரியாகத்தான் போனது, இன்னாசி வந்து நிற்கிறவரைக்கும். இன்னாசி பர்னாந்துக்கு ரெண்டு விசைப்படகு இருக்கிறது, ஒரு பழைய ஜீப் இருக்கிறது. அந்த ஜீப்பின் பின்னால் எந்நேரமும் மீனும் ஐஸ் பெட்டியும்தான். ஐஸ் கரைந்து உப்புத்தண்ணி தரையெல்லாம் ஓடும், அதிலேயே ஒரு மூலையில் பேஸ் பெட்டி வைக்க வேண்டுமாம், சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். எம்.டி.எஃப்பில் தண்ணி பட்டால் என்ன ஆகும் என்று தளவாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, டீயில் முக்கின பிஸ்கட்தான், ஊதி உப்பி ஸ்குரு பிடியெல்லாம் விட்டு, மழைக்காலம் வருவதற்குள் ஊஃபர் முகங்குப்புற விழுந்து கிடக்கும். உப்புத்தண்ணிக்கு மரைன் பிளைதான், தண்ணி தாங்குகிற பிளைவுட். மரைன் பிளை என்றால் தட்ட வேண்டும். தட்டினால் கேட்க வேண்டும். இந்த மூன்றையும் காலையிலிருந்து எப்படி எப்படியோ மாற்றி வைத்துப் பார்க்கிறார், எப்படி வைத்தாலும் கடைசியில் அங்கேயேதான் வந்து முட்டுகிறது. எம்.டி.எஃப்புக்கு நாலு கோட்டிங் பெயின்ட் அடித்தால்? ஓரத்தில் தார் பூசினால்? ரெக்ஸினைச் சுற்றி நல்லா இழுத்து ஒட்டினால்? ஸ்குரு போடுகிற ஓட்டை வழியாகத் தண்ணி இறங்கும். இறங்கத்தான் செய்யும். இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு மேலே இருக்கிற ரெண்டு பிளையை எடுத்துக்கொண்டு போய்விடலாம், பத்துப் பலகையில் ஒன்றில்தான் பொந்து இருக்கும், எல்லாப் பொந்துமா நம் தலையில் விழும். டீச்சர் பலகை விழுந்ததே.

சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்து வலது காதில் வைத்தார், இன்னாசிதான். "அண்ணாச்சீ! பலகை எடுத்தாச்சா!" கிட்டங்கி முழுக்கக் கேட்டிருக்கும். கடலில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகின தொண்டை, கரைக்கு வந்தாலும் இறங்காது. ஊரில் எல்லாரும் அவனை மெதுவாப் பேசுலே என்று திட்டுவார்கள், தளவாய்க்கோ இப்போது இன்னாசி குரல் ஒன்றுதான் முழுசாக, ஒரு எழுத்து விடாமல் வந்து சேர்கிற குரல். அவனோடு பேசும்போது வாயைப் பார்க்க வேண்டாம், ஆமா ஆமா போட வேண்டாம், மனுஷன் மனுஷனோடு பேசுகிற மாதிரி பேசலாம். அதனாலேயே அவன் கடைக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார்த்தி வைத்துக்கொள்வார். "எடுத்துக்கிட்டேதான் இருக்கேன்பா," என்றார். "நீங்க தட்டி எடுத்தா எனக்குப் போதும் அண்ணாச்சி! என் மச்சான் மதுரைல செய்யச் சொன்னான், தளவாய் அண்ணாச்சி காது மதுரைல எவனுக்கு இருக்குன்னு கேட்டேன்! சரி வைக்கேன்!" வைத்துவிட்டான். தளவாய் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான் என்று செலின் நினைக்கட்டும், இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடட்டும். போன் வெயிலில் கிடந்த கல் மாதிரி சூடாக இருந்தது. ஏமாற்றுவதற்கு ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாய்க்கு வந்தபடி பேரம் பேசுகிறவன், பெட்டியை மாட்டிக்கொண்டு போனை எடுக்காதவன், அவனையெல்லாம் விட்டுவிட்டுக் கடவுள் இந்தக் கத்துகிற பயலைத்தான் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமா.

சொன்னால் என்ன ஆகும். அதையும் யோசிக்காமல் இல்லை. செலினிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ரோட்டில் உள்ள கண்ணாடிக் கடை, பெயின்ட் கடை, டீக்கடை எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும், அவள் கெட்டவள் இல்லை, வாயில் நிற்காது அவ்வளவுதான். அப்புறம் எவன் வருவான். காது கேட்காத ஆள் கார்ப் பாட்டு மாட்டுகிறானாம் என்று சிரிக்க மாட்டானா. காதில் மெஷின் வைத்துக்கொண்டு, அது கீச்சென்று கத்த, வாங்க சார் என்ன பேஸ் வேணும் என்று நிற்கிற கோலம், சீப்பு விற்கிற மொட்டைத்தலையன் தோற்றான். அந்தக் கோலம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின கால் திரும்பிவிட்டது. வேறென்ன தெரியும் அவருக்கு. தச்சு வேலை தெரியும், ஆனால் அவரைவிட நன்றாகத் தெரிந்தவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறான், ஒயர் மாட்டத் தெரியும், அதை யார்தான் மாட்ட மாட்டான். அவரிடம் மட்டும் இருந்தது காது ஒன்றுதான், சம்பாதித்ததும் அதுதான், கல்யாணம் ஆனதுகூட அதனால்தான், ரேடியோவில் வருகிற கோளாறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்கிறான் பாரு என்று மாமனார் மயங்கிப்போனார். அது போய்விட்டால் இந்தச் சட்டைக்குள்ளே யார் நிற்கிறார்? பயமாக இருந்தது. பயத்தோடு சேர்ந்து கொட்டாவியும் வந்தது. பயப்பட்டுப் பயப்பட்டு அதுவும் சலித்துவிட்டது போல.

"இன்னாசி போனை வச்சு நேரமாச்சு," என்றாள் செலின், எதிரே வந்து நின்று. "இப்ப என்னதான் முடிவு?" தளவாய் போனைப் பைக்குள் போட்டார். "எம்.டி.எஃப் போட்டுரு," என்றார். வாய்தான் சொன்னது, அவர் சொல்லவில்லை. செலின் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "யாருக்கு, இன்னாசிக்கா? அந்த ஜீப்புக்கா? அது ஜீப்பா, கொளமா? அதுல போய் எம்.டி.எஃப் வைக்கச் சொல்லுதிய?" "ஒனக்கு என்ன தெரியும் அதப்பத்தி," என்று ஆரம்பித்தார். பெயின்ட் அடிப்பதைப் பற்றிச் சொன்னார், வெளிநாட்டில் எல்லாம் படகிலேயே எம்.டி.எஃப்தான் வைக்கிறான் என்று அளந்தார், அடர்த்தி என்றார், அதிர்வு என்றார், பிளை எல்லாம் இப்போது தரம் இல்லை என்றார், சொல்லச் சொல்லக் குரல் ஏறியது, ஏறுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை, செலின் ரெண்டடி பின்னால் போனதைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. நிறுத்தினார். தன் குரல்கூடத் தனக்குச் சரியாக வருவதில்லை, எங்கோ தொட்டிக்குள் நின்று யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. எதிரே அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இப்போது அந்த உதட்டைப் பார்க்க வேண்டும், பார்த்து ஊகிக்க வேண்டும், ஊகித்ததற்குப் பொருத்தமாக ஒரு பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்க்கு அவள் ஒன்று சொல்வாள், மறுபடி உதட்டைப் பார்க்க வேண்டும். ஐயோ, முடியாது. ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடந்தவனுக்கு இனி ஒரு அடிகூட வைக்க முடியாது என்று ஓர் இடம் வருமே, அது அந்தக் கிட்டங்கிதான் போல, தரையில் சிதறிக் கிடக்கிற மரத்தூள்தான் போல. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை, அலுப்புதான். "எனக்குக் காது கேக்கலம்மா," என்றார்.

"என்னது?"

"காது கேக்கல. தட்டினா பொந்து தெரிய மாட்டேங்கு."

செலின் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள், நிறுத்தின இடம் அசிங்கமாக இருந்தது, அவளுக்கும் அது தெரிந்தது. தளவாய் பலகை அட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததால் அவள் அடுத்துக் கேட்டது எதுவும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதற்காக ஆமா ஆமா என்று சொல்லவும் இல்லை. அவளே வந்து முன்னால் குனிந்து, முகத்துக்கு நேரே கேட்டாள்.

"தங்கக்கனிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"டாக்டர்ட்ட காமிச்சியளா?"

"அவன் என்ன சொல்லுவான்னு தெரியும். அதான் காமிக்கல."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. மாதா சத்தியமா."

"சத்தியத்தைப் போட்டு மாதாவ எதுக்குச் சங்கடப்படுத்துத? சொல்லாம இருந்தா ஒனக்குச் சோறு இறங்காது. சொல்லிக்கோ. தங்கக்கனிட்ட மட்டும் நான் சொல்லுதேன், இன்னைக்கே சொல்லுதேன்."

செலின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா வேர்வையா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு விறுவிறுவென்று போய், தள்ளி வைத்த பலகைகளையும் சேர்த்து மறுபடி இழுத்து நிறுத்தினாள். "எந்திரிங்க," என்று கையைக் காட்டினாள். "நீங்க தட்டுங்க. நான் கேக்கேன்."

அது தளவாய்க்குத் தோன்றவே இல்லை. இத்தனை மாசத்தில் எத்தனையோ தோன்றியது, பொய் தோன்றியது, பெயின்ட் தோன்றியது, தார் தோன்றியது, இன்னொரு ஆளின் காதைக் கேட்டு வாங்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. எழுந்து தட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார். "டொக்குன்னு கேக்கு," என்றாள் அவள், சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. அடுத்ததைத் தட்டினார். "இதுவும் டொக்குதான்." அடுத்தது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு அண்ணாச்சி. இதுல என்னத்த வித்தியாசம் கண்டிய இத்தன வருஷமா?"

தளவாய் அவளையே பார்த்தார். நல்ல காது, ரெண்டு காதும் நல்ல காது, கல்யாணமாகி வந்த நாள் முதல் பலகைக்கு நடுவிலேயே இருக்கிறவள், அவளுக்கும் டொக்கு டொக்குதானா. அப்படியானால் இவ்வளவு நாளும் கேட்டது காது இல்லையா, கேட்டது யார்? நின்று யோசிக்க நேரமில்லை, அவள் காத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் வெளியே போய்விட்டதே தவிர உள்ளே அப்படியேதான் இருந்தது, கண்ணை மூடினால் இப்போதும் வரும், ஆனால் அதற்கு ஒரு பேர் வைத்ததில்லை, யாரும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டதும் இல்லை. "கேளு," என்றார். "பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுத. உள்ள சாமான் சட்டு, ஆளு எல்லாம் இருந்தா ஒரு மாதிரி கேக்கும். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருந்தா வேற மாதிரி கேக்கும்லா? சத்தம் உடனே நிக்காது, உள்ள போய்ச் சுத்திட்டு வரும். அந்தச் சுத்துதான் பொந்து. தட்டினதைக் கேக்காத. தட்டினதுக்குப் பொறவு கேளு."

அவள் தலையை ஆட்டினாள். காதை மறைத்த முடியை ஒதுக்கிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள். தளவாய் தட்டினார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். சுமை ஆட்கள் பல் குத்திக்கொண்டே வாசலில் வந்து நின்று, இது என்ன கூத்து என்று பார்த்தார்கள். "வாயைத் திறந்திய, கொன்னுருவேன்," என்று அவர்களைப் பார்த்துக் கத்தினாள், அது அவருக்கும் கேட்டது. இன்னொன்று தட்டினார். இல்லை. நடுவில், ஓரத்தில், மூலையில். இல்லை. விரல் முட்டி சிவந்துவிட்டது. அடுத்த பலகையில் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளித் தட்டியபோது அவருக்கு அதே டொப்தான் கேட்டது. ஆனால் செலின் தலையசைக்கவில்லை. புருவம் மேலே போனது, வாய் லேசாகப் பிளந்தது, யாரோ உள்ளேயிருந்து தன்னைக் கூப்பிட்ட மாதிரி பலகையை நோக்கிக் கழுத்து ஒரு விரல் அளவு சாய்ந்தது. தளவாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"அதுதான்," என்றார். "அதத் தள்ளி வை."